கடுகளவு பல்பு

அவள் தொண்டைக்குள் பார்க்கும் கருவியின் அலகை விரித்தாள். விரித்ததும் நுனியில் விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

மடக்கி, மறுபடி விரித்தாள்.

ஹெலிகாப்டர் இரைச்சலுக்கு நடுவே, ஹெட்போனில் டாக்டர் நிவேதனின் குரல் கேட்டது. "குடுங்க சிஸ்டர்."

இருவருக்கும் நடுவே ஸ்ட்ரெச்சரில் பேச்சியம்மா கிடந்தாள். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். காலையில் செடிக்குள் கையை விட்டபோது கதண்டுக் குளவிக் கூடு கலைந்துவிட்டது. முகம், உதடு, கழுத்து, எல்லா இடத்திலும் கொட்டு. எஸ்டேட் மருந்தகத்தில் போட்ட ஊசிக்கு வீக்கம் அடங்கவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஆம்புலன்ஸ் இறங்கி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துவிடும் என்றுதான் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்றும்போது அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். செருப்பு எங்கே என்று புருஷனைக் கேட்டாள்.

மூடுபனி இறங்குகிறது, இப்போது விட்டால் கிளம்ப முடியாது என்றார் பைலட். பேசுகிறாள், மூச்சு போய் வருகிறது. தேவைப்பட்டால் வழியில் தொண்டைக்குள் குழாய் விட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் முடிவு செய்தார்.

மலைமுகட்டைத் தாண்டியதும் பேச்சு நின்றது.

பிறகு மூச்சு விசிலடித்தது.

பிறகு விசிலும் நின்றது.

இனி குழாய் உள்ளே போயாக வேண்டும். அது போகிற வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வழியைக் காட்டுவது இந்தக் கடுகளவு பல்புதான்.

"வேற ஒண்ணு எடுங்க."

வேறு ஒன்று இல்லை.

இல்லை என்பது அவளுக்குத் தெரியும். முந்தாநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் அவசரம் என்று மாற்றுக் கருவியை வாங்கிப் போனார்கள். திருப்பித் தரவில்லை. நேற்று கேட்டாள். இன்று காலை நேரிலேயே போய் நின்று கேட்டாள். "கழுவப் போயிருக்கு சிஸ்டர், மத்தியானம் வந்துரும்" என்றார்கள். இருந்த ஒன்றை எரியவிட்டுப் பார்த்தாள். ஒரு தடவை மஞ்சளாக மினுக்கியது. தட்டினாள். வெள்ளையாக எரிந்தது. மனசு கேட்காமல் பேட்டரியையும் மாற்றினாள். அப்போதும் எரிந்தது.

அதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

"போலாமா சிஸ்டர்?" என்றார் பைலட்.

முடியாது என்று சொல்லலாம். அந்த அதிகாரம் அவளுக்கு உண்டு. சொன்னால் ஹெலிகாப்டர் கிளம்பாது. மலைமேல் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டே கிடப்பாள்.

"போலாம்."

இப்போது அவள் பல்பைக் கட்டைவிரலால் திருகி இறுக்கினாள். பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். தன் முழங்காலில் தட்டினாள்.

பேச்சியம்மாவின் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

"மொபைல்ல டார்ச் அடிங்க."

அடித்தாள். ஹெலிகாப்டர் குலுங்கியது. வெளிச்சம் உதட்டில் விழுந்தது, கன்னத்தில் விழுந்தது, வாய் நிறைய உப்பியிருந்த நாக்கில் விழுந்தது. அதற்கு அப்பால் போகவில்லை.

"ஒண்ணுமே தெரியல" என்றார் டாக்டர்.

பேச்சியம்மாவின் வாய்மேல் முகமூடியை அழுத்தி வைத்துக் காற்றுப் பையைப் பிசைந்தாள். உள்ளே காற்று இறங்கவில்லை. பை கல்லாக இருந்தது.

முன் இருக்கையில், பைலட்டுக்குப் பக்கத்தில், அய்யாத்துரை. பேச்சியம்மாவின் புருஷன். இறுக்கிக் கட்டிய பெல்ட்டில் அவரால் முழுதாகத் திரும்ப முடியவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி மனைவியின் பாதத்தைப் பிடித்திருந்தார்.

டாக்டர் கத்தியைக் கேட்டார்.

கழுத்தின் முன்பக்கத்தை விரலால் தடவினார். வீக்கத்தில் இடம் பிடிபடவில்லை. மறுபடி தடவினார். கீறினார். குழாயைச் செருகினார்.

காற்று இறங்கியது. மார்பு ஏறித் தாழ்ந்தது.

ஒரு கணம் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு திரையைப் பார்த்தாள். இதயம் நின்றிருந்தது.

தரையிறங்கும்வரை மார்பை அழுத்திக்கொண்டே வந்தாள். இறக்கும்போதும் அழுத்தினாள். போதும் சிஸ்டர் என்று யாரோ அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில், ஒரு பெஞ்சில், அய்யாத்துரை உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது இன்னும் அழத் தொடங்காத முகம்.

அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நான் பாத்தேன் சிஸ்டர். கூடப் பொறந்தவகூட இவ்வளவு பாடுபட மாட்டா."

அவள் நின்றாள். தாண்டிப் போயிருக்கலாம்.

"அண்ணா…"

"சொல்லுங்க சிஸ்டர்."

"லைட்டு எரியலண்ணா."



அவர் அவளையே பார்த்தார். புரிந்ததுபோல் மெல்லத் தலையாட்டினார்.

"எங்க எஸ்டேட் லைன் வீட்டுலயும் அப்படித்தான் சிஸ்டர். கொஞ்சம் காத்தடிச்சாப் போதும், கரண்டு போயிரும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"நீங்க உக்காருங்க. தண்ணி குடிங்க. முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு."

அவள் உட்கார்ந்தாள்.

வாங்கிக் குடித்தாள்.