நூற்றுக்கு எண்பது

"இந்த மெசின் நித்திரை கொள்ளுறேல்லை, சாரங்கா!"

றொனால்ட் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியை மேசையில் வைத்தான். நொய்கெல்ன் நகர்ப்பகுதியில் விடிந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் ஹோட்டல் வரவேற்பில் நின்ற கால்களுக்குத் தரை மிதப்பதுபோல் இருந்தது.

"நீங்கள் வளர்த்த மெசின், உங்களை மாதிரித்தானே இருக்கும்" என்று மனைவி தேத்தண்ணியை நீட்டினாள்.

"பகிடி விடாதையும். காலமை எண்பது வீதம் சார்ஜ் ஏத்தி, மூடி, அதையும் நித்திரையாக்கிப்போட்டுத்தான் நான் படுக்கிறன். பின்னேரம் அப்பிடியே பையிலை போட்டுக்கொண்டு ஓடுறன். வேலையிடத்திலை திறந்தால் நாப்பது! வரவேற்பு மேசையிலை வயர் செருகவும் விடமாட்டினம். அவுஸ்பில்டுங் தொழிற்படிப்புப் பாடம் பாதியிலை நிக்குது. வாற கிழமை சோதனை."

"அப்ப நூறு வரைக்கும் ஏத்துங்கோவன்."

"ஏலாது. எண்பதோடை நிப்பாட்டினால்தான் பற்றரி கனகாலம் உழைக்கும். அதுக்குத்தானே லினக்ஸிலை எல்லை போட்டு வைச்சிருக்கிறன்."

தேவாலயப் பூசைக்குப் போகாத றொனால்டுக்கு லினக்ஸ்தான் வேதம். திரை வெளிச்சத்தைக் குறைத்தான், பின்னணியில் ஓடியதையெல்லாம் நிறுத்தினான், மெசின் தூங்கும் முறையையே மாற்றிப் பார்த்தான். நாய் வாலை நிமிர்த்தின கதைதான்.

"வேலையிடத்து லாக்கருக்குள்ளை பிளக் இருக்கு, நாளையிலையிருந்து இதை அங்கையே சார்ஜிலை போட்டுப் பூட்டிப்போட்டு வாறன்."

சாரங்காவின் முகம் மாறியது. "ஐயோ, வேண்டாம். வீட்டிலையே இருக்கட்டும்."

"சொன்னால் சொன்னதுதான்."

"ஓம், உங்கடை சொல் தெரியாதே? பெத்த தாய்க்கே, 'இனி என்ரை முகத்தைக் காணமாட்டியள்' எண்டு சொன்ன ஆள்தானே."

றொனால்ட் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். சைவப் பிள்ளையைக் கட்டியதற்காக மன்னாரிலிருந்து அம்மா போனில் கொட்டித் தீர்த்ததும், அவன் பதிலுக்கு அப்படிச் சொல்லி வைத்ததும் மூன்று வருடமாக ஆறாமல் கிடந்தன. நெஞ்சு கனத்தது. வீம்பு அதைவிடக் கனத்தது.

படுக்கையில் சாய்ந்தபோது சொன்னான். "ஒவ்வொரு நாளும் ஒரே கனவு, சாரங்கா. பக்கத்திலை ஆரோ முணுமுணுக்கிற மாதிரி. தேனீ இரையிற சத்தம். நல்ல சுகமாய் இருக்கும்."

"களைப்பு. படுங்கோ" என்று அவள் அவசரமாகத் திரைச்சீலையை இழுத்தாள்.

இன்றைக்குத் தூங்குவதில்லை, கண்ணை மூடிக் கிடந்தே மெசினைக் காவல் காப்பது என்று றொனால்ட் முடிவெடுத்தான். சீலை ஓரத்தால் கசிந்த வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. நிலத்துக்கு அடியில் ஊபான் ரயில் ஓடும்போதெல்லாம் கட்டில் தொட்டிலாய் அதிர்ந்தது. கண் சொருகியது. மத்தியானம், தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கத்தில், மெல்லிய காலடி கேட்டது. பிறகு தேனீக்கள் இரையத் தொடங்கின.

இமையை நூலளவு திறந்தான். கட்டிலருகே கதிரையில், அவன் முகத்தைப் பார்த்தபடி மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் செபமாலையோடு அம்மா.

"அருள் நிறைந்த மரியாயே..." முணுமுணுப்பு நின்றது. "பிள்ளை, இவன்ரை இமை துடிக்குதே. எழும்பிடுவானோ? நிப்பாட்டட்டே?"

"இல்லை மாமி, நல்ல நித்திரை. நீங்கள் பாருங்கோ."

றொனால்ட் சத்தமில்லாமல் இமையை மூடிக்கொண்டான். தலையணைப் பக்கத்துக் கண் நனைந்தது.

பின்னேரம் அவன் வேலைக்குப் புறப்படும்போது சாரங்கா பயந்து பயந்து கேட்டாள். "லாக்கரிலையோ வைக்கப் போறியள்?"

"இல்லை" என்றான் அவன், சப்பாத்துக் கயிற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "அந்த எண்பது வீத எல்லையை எடுத்துவிட்டன், இனி நூறு வரைக்கும் ஏறும். நாளைக்கு அவசரப்பட்டு மூடாமல், அம்மாவை ஆறுதலாய்ச் செபம் முடிக்கச் சொல்லும்."