நிரம்பிய பெட்டி

"அவற்ற பேரை எடுத்திட்டியளோ, பிள்ளை?"

"நான் எடுக்கேல்லை அன்ரி. அஞ்சு தரம் கடிதம் திரும்பி வந்தால் கொம்பியூட்டர் சேர்வரே பட்டியலிலயிருந்து எடுத்திடும்."

கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மாடியறையில் இருந்து ஊர்ச்சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலைச் சாருமதிதான் பார்த்துக்கொள்கிறாள். கீழே ரயில் போகிறது. கணினித் திரை மெல்ல நடுங்குகிறது. வவுனியாவுக்குப் போன கணவரிடமிருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இராசமலருக்கு நான்கு மாதமாகத் தகவல் இல்லை. சாருமதி அந்தக் கணவரின் பெயரைப் பட்டியலில் மறுபடி சேர்த்து, ஒரு சோதனைக் கடிதம் அனுப்புகிறாள். அது உடனேயே திரும்பி வருகிறது.

"என்னவாம்?"

"அவற்ற மெயில் பெட்டி நிரம்பிட்டுதாம் அன்ரி. திறந்து பார்க்கேல்லைப் போல."

பிற்பகல் வெயில் விசைப்பலகையின் மேல் கிடக்கிறது. இராசமலர் கைப்பையிலிருந்து, கணவருக்கு எழுதி நான்காக மடித்த தாளை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவுகிறார்.

"அப்ப பெட்டி இருக்குத்தானே. அதுக்குள்ள கிடக்கிற சங்கத்தின்ர பழைய கடிதம் ரெண்டை எடுத்துப்போட்டு, இதுக்கு மட்டும் இடம் செய்து தாங்கோ, பிள்ளை."