நிற்கும் தூரம்

“கையைத் தூக்குறதுல உனக்கு என்னய்யா கஷ்டம்?” என்றார் ரைனர்.

அறையில் எல்லோருடைய கையும் மேலே இருந்தது. எக்கார்ட் மட்டும் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு தன் பீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களின் சங்கத்து விதி அது. பாதையில் பெரிய மாற்றம் என்றால் எல்லோரும் கை தூக்கினால்தான் நடக்கும். பழைய மின்பெட்டி புகைந்து போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் ஞாயிறு வந்தால் ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயில் பார்க்க வந்துவிடும். அதற்குள் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்கியாக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி.

ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்காரர் இரண்டு கருவிகளைக் கொடுத்திருந்தார். ஒன்று எளியது. திருகினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும். இன்னொன்றுதான் ரைனரைக் கிறங்க வைத்தது. அதில் பொம்மை எஞ்சினுக்கு நிஜ எஞ்சினின் கனம் வந்துவிடும். மெல்ல வேகம் எடுக்கும். பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காமல் உருண்டுபோய்த்தான் நிற்கும்.

ரைனருக்கு ரொட்டிக்கடை. ரயில் டிரைவராக ஆசைப்பட்டு அப்பாவின் அடுப்பில் மாட்டிக்கொண்டவர். நிஜ வண்டியை ஓட்டுகிற மாதிரி ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்ற ஏக்கம் தலை நரைத்த பிறகும் போகவில்லை.

“ரொட்டி சுடுறவன், குழாய் மாட்டுறவன் எல்லாம் நிஜம் வேணும்னு கேக்குறோம். இந்தச் சங்கத்துல நிஜ ரயில் ஓட்டுற ஒரே ஆளு நீ. நீ போய் வேண்டாங்கிறியே.”

“கருவியை வாங்குங்க,” என்றார் எக்கார்ட். “அந்தக் கனத்தை மட்டும் அணைச்சு வெச்சிடுங்க. நானும் கை தூக்குறேன்.”

“உப்புப் போடாம சூப்பு வைக்கச் சொல்ற. அதுக்காகத்தானேய்யா அதை வாங்குறதே.”

“அப்ப என் எஞ்சினுக்கு மட்டுமாவது...”

“அது முடியாது,” என்றார் சங்கத் தலைவி குட்ரூன். “ஒரே பாதையில ஒண்ணு டக்குனு நின்னு, இன்னொண்ணு நிக்காம வந்தா பின்னாடி மோதும். எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் வைக்கணும். ஏன் வேண்டாங்கிறேன்னாவது சொல்லு, எக்கார்ட்.”

“பிடிக்கல. அவ்வளவுதான்.”

ரைனருக்கு வயிறு எரிந்தது. தனக்குக் கிடைக்காத பாக்கியம் இவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு துளியைக்கூட அடுத்தவன் நக்கிப் பார்க்கக் கூடாதாமே.

“நான் சொல்றேன் ஏன்னு. நாங்களும் நிஜம் மாதிரி ஓட்ட ஆரம்பிச்சுட்டா ஐயாவோட கிரீடம் கழண்டுடும். அந்தப் பயம்தான்.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எக்கார்ட் குவளையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

அந்த அலட்சியம் ரைனரை இன்னும் சீண்டியது. எழுந்து பொம்மைப் பெட்டியைத் துழாவினார். சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், நகத்தளவுதான் இருப்பாள். அவளைக் கொண்டுபோய்ப் பொம்மைப் பாதையின் குகைக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்தின் நடுவில் நிறுத்தினார்.

“பந்தயம். இந்தம்மா மேல இடிக்காம நிறுத்திட்டா, கனத்தை அணைச்சுடறேன். இடிச்சுட்டா நீ கை தூக்கணும். அவசர பிரேக்கையும் நிஜம் மாதிரியே வெச்சிருக்கேன், ஏமாத்த முடியாது.”

“அதை எடுத்துடு, ரைனர்.”

“ஏன், கை நடுங்குதா?”

சோதனைக்காக மாட்டியிருந்த அந்த இரண்டாவது கருவியில் வண்டியை அவரே முழு வேகத்தில் கிளப்பிவிட்டு, அதன் ரிமோட்டை எக்கார்டின் கையில் திணித்தார்.

எஞ்சின் குகையைவிட்டு வெளியே வந்தது. எக்கார்ட் பிரேக்கை அழுத்தினார். வண்டி தன் கனத்தோடு உருண்டது. வேகம் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டின்மேல் ஏறி, அதற்கும் அப்பால் ஒரு முழம் போய்த்தான் நின்றது.

அறையே சிரித்தது.

“சம்பளம் வாங்குற டிரைவருக்கே நிறுத்தத் தெரியல,” என்றார் ரைனர். “தூக்கு கையை.”

எக்கார்ட் கையைத் தூக்கவில்லை. வண்டி நின்ற பிறகும் அவருடைய கட்டைவிரல் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. குட்ரூன்தான் எழுந்து வந்து, அவர் விரலை விலக்கி ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு தடவை ஆச்சு எனக்கு,” என்றார் எக்கார்ட். “முதல்ல தண்டவாளத்துல ஒரு பெரியவர். போன மார்ச்சுல ஒரு சின்னப் பொண்ணு. தூரத்துலயே பார்த்துட்டேன், ரைனர். பிரேக்கும் போட்டுட்டேன். அதுக்கப்புறம் டிரைவர் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. வண்டி நிக்கிற வரைக்கும் உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

ரைனர் பாதைப் பக்கம் திரும்பினார். தண்டவாளத்தில் கிடந்த பொம்மையை எடுக்கக் கை நீட்டினார். விரலால் அதைத் தொட முடியவில்லை.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார் குட்ரூன்.

எக்கார்ட் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நீங்கள்லாம் ரயில் ஓட்டுறதுக்காக இங்க வர்றீங்க. நான் பிரேக் போட்டதும் வண்டி நிக்கிறதைப் பார்க்கிறதுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன்.”