கொம்பு போன பேய்ப்படம்

நோயும் மதச் சண்டையும் ஒரே வாரத்தில் வந்து இறங்கிய ஊர் அது. அங்கே ஓர் அச்சுக்கூடத்தில், கொம்பும் கோரைப்பல்லுமாகப் பேய் முகம் செதுக்கிய மரக்கட்டை ஒன்று இருந்தது. "நோயைப் பரப்பியவன் இவனே" என்று பழைய சபைக்காரர்கள் காலையில் அந்தப் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். மாலையில் புதிய சபைக்காரர்களும் அதையே அடித்தார்கள்.

"ஏண்ணே, ரெண்டுலயும் உன் மூஞ்சிதானே? எப்படி நம்புறாங்க?" என்றது அங்கே குடியிருந்த எலி.

"கீழே பேரை மாத்திடுறாங்கல்ல," என்றது கட்டை பெருமையாக.

"நோயைக் கொண்டுவந்தது யாருன்னு என்னை ஒருத்தரும் கேக்கலை," என்ற எலி, பேச்சுவாக்கில் இரண்டு கொம்பையும் கொறித்துத் தின்றுவிட்டது.

கட்டைக்கு உயிரே போய்விட்டது. கொம்பில்லாத பேயை அடுப்பில்தானே வைப்பார்கள்? நினைத்தபடியே மறுநாள் அச்சுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அந்த நேரம் பார்த்து, ராஜா மாறிவிட்டார் என்று செய்தி வந்தது. புது ராஜாவின் படம் உடனே அச்சாக வேண்டும். அச்சுக்காரர் கட்டையோடு அப்படியே திரும்பினார்.

சாயங்காலம் ஊரே அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"அண்ணே, கோரைப்பல் அப்படியே இருக்கே," என்று கிசுகிசுத்தது எலி.

"மெதுவாப் பேசு. கருணையோடு சிரிக்கிறார்னு கீழே போட்டிருக்கு."