ஆர்வில் வீட்டுப் பெட்ரோல்

"வெளியே வாடா டெல்மர்! இன்னிக்கு ரெண்டு துண்டாப் போடாம விடமாட்டேன்!"

மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு வாசலில் ஆர்வில் போட்ட கூச்சலில் மினசோட்டா மாநிலத்துக் காக்கைகளில் பாதி கனடாவுக்குக் குடிபெயர்ந்தன. மனிதரின் முகம், தலையிலிருந்த ஆரஞ்சு வேட்டைத் தொப்பியையே வெளிறிப்போகச் செய்யும் அளவுக்குச் சிவந்திருந்தது.

டெல்மர் காபிக் கோப்பையும் கையுமாகக் கதவைத் திறந்தார். "யாரைத் துண்டு போடப்போற?"

"உன்னை இல்ல. உன்னை அறுத்தா ரம்பத்துக்குத்தான் கேடு. நம்ம மீன் குடிலைச் சொல்றேன்!"

ஏரி உறைந்ததும் அதன்மேல் இழுத்துப்போய் நிறுத்தி, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதற்காக இருவரும் சேர்ந்து கட்டிய மரக்குடில் அது. எத்தனையோ குளிர்காலம் அதற்குள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, தப்பிப்போன மீனுக்கெல்லாம் திமிங்கில அளவு சொன்னவர்கள். இப்போது அது டெல்மரின் முற்றத்தில் நின்றது.

"என் பாதியை அறுத்து எடுத்துக்கிட்டுப் போறேன். திருடனோட ஒரே கூரைக்குக் கீழ நான் மீன் பிடிக்கமாட்டேன்!"

"திருடனா? யாரு, நானா?"

"பின்ன? புல்வெட்டி மெஷின்ல டாங்க் ரொம்ப ஊத்தி வைச்சேன். காலி! பக்கத்துல இருந்த சிவப்புக் கேனும் காலி! மறுபடி ரொப்பினேன், மறுபடி காலி! கோடை பூரா என் கராஜைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தது நீதானே?"

"முணுமுணுக்கலய்யா, மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கத்துல பெட்ரோலை வைச்சிருக்க. அடியில சதா நெருப்பு எரியுது. ஆவி பட்டாப் போதும், உன் வீட்டோட என் சமையலறையும் சேர்ந்து ஆகாசத்துக்குப் போயிடும். பின்னாடிக் கொட்டகையில வைன்னேன்."

"கொட்டகை ஒழுகும். கராஜ்லதான் வைப்பேன், டாங்க் ரொம்பத்தான் வைப்பேன். அப்பத்தான் துரு ஏறாது. எங்கப்பா சொன்னது!"

"உங்கப்பாவுக்குப் புருவம் இருந்து நான் பார்த்ததே இல்லையே!"

ஆர்விலின் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. "உன் கிழட்டு வண்டி ஒட்டகம் மாதிரிக் குடிக்குது. அதுக்குத்தான் திருடினே! என் பிக்கப் வண்டியைப் பாரு, எஞ்சினை நானே கழட்டிப் பூட்டினேன், பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடுது. மான் வேட்டை ஆரம்பிச்சதுலேர்ந்து நான் பெட்ரோல் பங்க்குக்குப் போறதே அந்தக் கேனை ரொப்பத்தான்!"

டெல்மர் காபிக் கோப்பையை வாசப்படியில் வைத்தார். "அறுத்துக்கோ. அடுப்பு இருக்கிற பாதியையும் நீயே எடுத்துக்கோ. ஆனா இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

ஆர்வில் ரம்பத்தின் கயிற்றைச் சுண்டி இழுத்தார். அது இருமக்கூட இல்லை. மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே சுத்தப் பாலைவனம்.

"இதையும் விட்டுவைக்கலையாடா, பாவி!"

ரம்பத்தைப் பனியில் வீசிவிட்டு, விறகுக் குவியலில் கிடந்த கோடாலியை எடுத்துக் குடிலின்மேல் ஓங்கினார்.

"அதைக் கீழ போடு, மனுஷா!"

அடுப்புக் கையுறையைக் கழற்றக்கூட மறந்து, வேலியைத் தாண்டி ஓடி வந்தாள் ஆர்விலின் மனைவி மார்டெல். "பாவம், அவரை விடு. எடுத்தது நான்தான்."

கோடாலி அந்தரத்தில் நின்றது. "நீயா?"

"ஆமா, நானேதான். ஹீட்டர் பக்கத்துல வைக்காதேன்னு சொல்லிச் சொல்லி என் நாக்கே தேஞ்சு போச்சு. ஒரு நாளாவது கேட்டியா? வீட்டோட எரிஞ்சு சாக எனக்கு இஷ்டமில்ல. நீ மத்தியானம் குறட்டை விடறப்போ கைப்பம்பு வைச்சு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

கோபம் முழுவதும் அப்படியே மனைவியின் பக்கம் திரும்பியது. "அடிப்பாவி! கேன் கேனா நான் வாங்கி வந்த பெட்ரோல்! அவ்வளவையும் எந்தச் சாக்கடையில கொண்டுபோய்க் கொட்டினே?"

மார்டெல் அடுப்புக் கையுறையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உன் பிக்கப்லதான்."