பக்கத்து சீட்

கேளுங்கள் கண்ணுகளா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இறந்துபோன கார் விபத்துக்குப் பிறகு டாக்ஸிக்காரருக்கு இடது தோளில் தீராத வலி. பிரேக் போடும்போதெல்லாம் இடக்கை தானாகவே பக்கத்து சீட்டின் குறுக்கே நீண்டுவிடும். அன்றைக்கு அது நீளவில்லையே என்ற குமைச்சல் அவருக்கு.

"காலி சீட்டு எங்கயும் விழுந்துடாதுண்ணே," என்றார் எலும்பு டாக்டர். "கையை அடக்குங்க. இல்லேன்னா இனி வண்டியே ஓட்ட முடியாது."

"நான் எங்க நீட்டுறேன் டாக்டர்? அதுவாப் போகுது."

திரும்பும் வழியில் கையை ஸ்டியரிங்கோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிக்னலில் பிரேக் போட்டார். கை நீளவில்லை.

பக்கத்து சீட்டுக்கு நேரே, முன் கண்ணாடியின் உட்புறத்தில், ஒரு நெற்றியின் அளவுக்கு விரிசல் விழுந்தது.