உதவி மேனேஜர்

புலம்பெயர்ந்த எங்கள் பள்ளிப் பழைய மாணவர் கிரிக்கெட் அணிக்குச் சட்டன் பூங்காவில் 1989ஆம் ஆண்டின் முதல் ஆட்டம். எனக்கு இந்த அணியில் அதுதான் முதல் நாள். மேனேஜர் குணநாயகம் அண்ணை எல்லைக்கோட்டில் நின்று, "ஓடு! நில்! ஓடு!" என்று ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனை ஏன் மேனேஜரா வச்சிருக்கிறியள்?" என்று கேப்டன் யோகராசாவிடம் கேட்டேன்.

"இல்லாட்டி விளையாட எல்லோ வந்திடுவார்! ஒரு கேட்ச் பிடிச்சதில்லை. கூட நிண்டவனையெல்லாம் ரன் அவுட் ஆக்கினவர். மூத்த மனுசன், 'இனி விளையாட வேண்டாம்' எண்டு முகத்துக்கு நேரை சொல்ல ஏலுமே? பொன்னாடை போர்த்தி மேனேஜர் ஆக்கிப்போட்டம். அதுக்குப் பிறகுதான் வெல்லுறம்."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அன்று என் கையிலிருந்தும் இரண்டு கேட்ச் நழுவின. யோகராசாவும் என்னால்தான் ரன் அவுட்டானான். புது மைதானம், விறைக்கும் குளிர், யாருக்குத்தான் நழுவாது?

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது யோகராசா எழுந்தான்.

"வளருற கழகத்துக்கு ஒரு உதவி மேனேஜர் கட்டாயம் வேணும்."

எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எந்த அப்பாவி மாட்டினான் என்று திரும்பிப் பார்ப்பதற்குள், பொன்னாடை என் தோளில் விழுந்தது.